நூற்றைம்பதில் ஒரு கதவு

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் திட்டுவார். "சர்வேல பேர் எதுக்கு சார், நம்பர் போடுங்க, போதும்" என்பது அவர் கட்சி. எண் போடுவதென்றால் எனக்கு அவர் ஏழாம் எண் என்று சொல்லியிருப்பேன். இல்லை, எட்டு என்று வேலை கேட்டு வந்த முதல் நாளே திருத்தியவர் அவரேதான்.

தெலுங்கும் உருதும் பேசுகிற நகரத்தில், மாதாப்பூர் பகுதியில் ஒரு டிபன் சென்டருக்கு மேலே, இரண்டாம் மாடியில் எங்கள் ஆய்வு அலுவலகம் இருந்தது. பசுமைக் கட்டடம் என்று சான்றிதழ் வாங்கி வாசலில் பலகை மாட்டியிருக்கிற குடியிருப்புகள் உண்மையிலேயே வெயில் காலத்தில் குளுமையாக இருக்கின்றனவா, மின்சாரம் குறைவாகத்தான் ஆகிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதுவது எங்கள் வேலை. நான் தலைமை. கணினியில் எண்களைப் போட்டுப் பார்க்க ஒருவர், வீடுகளுக்குப் போக நான்கு பெண்கள். அந்தப் பெண்களை மேற்பார்வை பார்க்க ஒருவர் தேவைப்பட்டார். அதற்குத்தான் அவரை நேர்முகத்துக்கு அழைத்திருந்தேன்.

காட்டன் புடவை, கீழே ஆண்கள் போடுகிற ஓட்டப்பந்தயக் காலணி, கையில் நீளக் குடை. என் வயதுதான் இருக்கும். உட்காரச் சொன்னேன். உட்காராமல் சுவரில் இருந்த எங்கள் குழுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க மேடம்" என்றேன்.

"இந்த போட்டோல யார் சார் இல்ல?"

"எல்லாரும் இருக்கோமே. ஆறு பேர்."

"போட்டோ எடுத்தவங்க?"

எடுத்தது எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்து, டீ போட்டுத் தருகிற அம்மா. நாலு வருடமாக எங்களோடு இருப்பவர். ஒரு படத்திலும் இல்லை. எங்களை யார் கேட்டாலும் ஆறு பேர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்போ ஏழு பேர். நான் வந்தா எட்டு" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் உட்கார்ந்தார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் வேலை கொடுத்துவிட்டேன், வேறு யாரும் அந்தச் சம்பளத்துக்கு வரவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அவர் அதே ஊரில் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் மூன்றாம் தலைமுறை. தாத்தா அரக்கோணத்திலிருந்து ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவராம். தமிழில் ஆரம்பித்து உருதுவில் வளைந்து தெலுங்கில் முடிப்பார். "ஆமாம்" என்ற சொல்லே அவர் வாயில் வராது, "ஹவ்"தான். "வேண்டாம்" கிடையாது, "நக்கோ". மதுரைக்காரனான எனக்கு முதல் மாதம் பாதி புரியவில்லை, மறு மாதம் என் பையன் பள்ளிக்கூட வாத்தியாரிடம் நானே "நக்கோ" என்று சொல்லி முழித்தேன்.

எங்கே போனாலும் அவருக்கு ஒரே கேள்விதான். யார் இல்ல? கல்யாண வீட்டில் கேட்பார், அலுவலகக் கூட்டத்தில் கேட்பார், எதிர்க் கடையில் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்று புகழ்ந்த பிரியாணியைப் பார்த்தும் கேட்பார். "நல்லா இல்லன்னு சொல்றவன் திரும்ப வந்திருக்க மாட்டான் சார். இங்க உக்காந்திருக்கறவங்களக் கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க." சொல்லிவிட்டு அதே பிரியாணியை ரசித்துச் சாப்பிடுவார், அது வேறு விஷயம்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்டேன். அவர் காலனியில் நடந்த ஒரு கூட்டத்தைச் சொன்னார். தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று அதிகாரி ஒருவர் சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரையும் கூட்டிக் கேட்டிருக்கிறார். தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்கள் கை தூக்குங்கள் என்றாராம். வந்திருந்த எல்லாரும் தூக்கினார்களாம். அவரும் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"ஏன் தெரியுமா சார்? தண்ணி வராதவங்க எல்லாம் அந்நேரம் குடத்தோட லாரி கிட்ட நிக்கறாங்க. எங்கம்மா அங்கதான் இருந்தா."

அவர் கைப்பையில் எப்போதும் ஒரு சின்னத் துணிப்பை இருக்கும். அதில் தொண்ணூறு மரவில்லைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். ரயில்வே ஊழியர்களின் கிளப்பான இன்ஸ்டிட்யூட்டில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஹவுஸி ஆட்டத்தில் பையைக் குலுக்கி எண்களைக் கூப்பிடுகிறவர் அவர்தான். கூப்பிடுகிற எண் தன் டிக்கெட்டில் இருந்தால் ஆட்டக்காரர் அதை அடித்துக்கொண்டே போக வேண்டும். ஒருமுறை அவர் கணவருக்கே முதல் பரிசு விழுந்துவிட்டது. யாரோ ஒரு மாதிரி சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து தான் குலுக்குவதோடு சரி, எடுப்பது வேறொரு கை. கணவரும் டிக்கெட் வாங்கக் கூடாது. அந்த மனுஷர் இன்று வரை ஓரத்தில் உட்கார்ந்து சமோசா மட்டும் தின்கிறார் என்று கேள்வி.

அவரிடம் நான் தோற்ற முதல் வாதம் சோற்றுப் பானை பற்றியது. ஆயிரம் வீட்டைப் பற்றிச் சொல்ல ஏன் நூற்றுக்கணக்கில் ஏறி இறங்க வேண்டும் என்று அலுத்துக்கொண்டு, "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம், தெரியாதா மேடம்" என்றேன். 

"கிளறிட்டு எடுத்தா பதம் சார். மேலாக்க எடுத்தா, மேல வெந்திருக்குன்னு தெரியும். அடி பிடிச்சது தெரியுமா?"

எல்லாரும் அவரைக் கொண்டாடினார்கள் என்று சொல்ல மாட்டேன். பெண்களுக்கு அவர் மேல் பயம். பூட்டிய வீடு ஒன்று வந்தால் நான்கு முறை போக வேண்டும் என்பது அவர் சட்டம். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை. நாலாவது தடவையும் திறக்கவில்லை என்றால் "திறக்கவில்லை" என்று எழுத வேண்டும். ஒரு பெண் இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். அவர் அந்தத் தாளை நாலாகக் கிழித்தார். அந்தப் பெண் அழுதாள். "பக்கத்து வீடும் அதே மாதிரிதானே அக்கா?"

"வீட்ல எப்பவும் இருக்கறவங்க வேற, இல்லாதவங்க வேறடி. இல்லாதவங்க வீட்டுக் கதை இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு அவளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு மூன்றாவது தடவை தட்டப் போனார். திரும்பி வரும்போது இரண்டு பேர் கையிலும் ஐஸ்கிரீம் இருந்தது. எனக்கு வாங்கி வரவில்லை.

இப்போது அந்தப் பெரிய குடியிருப்பின் கதைக்கு வருகிறேன். நகரத்தின் மேற்கு ஓரத்தில் பத்து கோபுரங்கள். ஒவ்வொன்றிலும் பதினைந்து மாடி, மாடிக்கு எட்டு வீடு. ஆக ஆயிரத்து இருநூறு வீடுகள். உயர்ந்த தரத்துப் பசுமைச் சான்றிதழ், வாசலில் கண்ணாடிப் பலகை. கட்டிய நிறுவனத்தின் மேலாளரே எங்களை அழைத்திருந்தார். இந்த ஆய்வு ஒழுங்காக முடிந்தால் அடுத்து பத்து குடியிருப்புகள், இரண்டு வருட வேலை எங்களுக்கே என்று வாக்குக் கொடுத்திருந்தார். கையில் வேறு வேலை எதுவும் இல்லை. அது கிடைக்காவிட்டால் அலுவலகத்தை மூட வேண்டியதுதான். இது எட்டு பேருக்கும் தெரியும்.

வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தது நான். ஆயிரத்து இருநூறு வீடுகளையும் வரிசையாக எழுதி, எட்டுக்கு ஒன்று எடுத்தால் நூற்றைம்பது. முதல் எண்ணை மட்டும் குலுக்கி எடுத்துவிட்டால் அப்புறம் எட்டு எட்டாகத் தாவிக்கொண்டே போகலாம். பாடப்புத்தகத்தில் உள்ள முறைதான்.

அவர் எட்டு வில்லைகளைப் பையில் போட்டுக்கொண்டு, "ஒரே தடவைதான் குலுக்கறதா சார்?" என்று கேட்டார்.

"போதும் மேடம்."

"ஹவுஸில ஒரு நம்பரக் கூப்டுட்டு, மிச்சத்த நீங்களே அடிச்சிக்கோங்கன்னா செருப்பு வரும்."

சிரித்தேன். டீ போடுகிற அம்மா கையை விட்டு எடுத்தார். மூன்று வந்தது. மூன்று, பதினொன்று, பத்தொன்பது, இருபத்தேழு என்று நூற்றைம்பது எண்களை எழுதி, யார் வீடு என்பது வெளியே தெரியக் கூடாது என்று அந்த எண்களையே ரகசியக் குறியாக வைத்தேன். பெண்களின் தாளில் மட்டும் கதவு எண் இருக்கும். என் தாளில் இருக்காது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவரை அந்த நேரம் பாலாநகர் பக்கம் ஒரு சாதாரணக் குடியிருப்புக்கு அனுப்பியிருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க அதுவும் வேண்டியிருந்தது. பெரிய குடியிருப்பைப் பெண்கள் நால்வரும் மூன்று வாரத்தில் முடித்துவிட்டார்கள். முடிவுகள் வந்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அப்படி ஒரு குளுமை, அப்படி ஒரு சிக்கனம். சான்றிதழில் சொன்னது எல்லாம் சரி, அதற்கு மேலேயும் சரி. மேலாளர் போனிலேயே வாழ்த்தினார். பத்து நாளில் அவர்கள் அலுவலகத்தில் கூட்டம், அங்கேயே கையெழுத்து என்றார். ஒரு பெண் ஸ்கூட்டர் பார்க்கவே போய்விட்டாள்.

எழுதி வந்த தாள்களில் பத்தை மட்டும் எடுத்து, அந்த வீடுகளுக்கு மறுபடி போய்ச் சரிபார்ப்பது மேற்பார்வையாளர் வேலை. பாலாநகரிலிருந்து வந்தவர் மறுநாளே கிளம்பிப் போனார். மதியம் போன் வந்தது. மூச்சு வாங்கியது.

"சார், உக்காந்திருக்கீங்களா?"

"ஆமா."

"அப்படியே உக்காருங்க. இங்க எல்லா வீட்லயும் ஒரே சூரியன்."

எனக்குப் புரியவில்லை. "இப்போ அஞ்சாவது வீட்ல இருக்கேன். அஞ்சு வீட்லயும் ஹால் அதே பக்கம், பால்கனி அதே பக்கம், அதே காத்து வந்து அதே கதவ டமார்னு சாத்துது. நூத்தி மூணு, இருநூத்தி மூணு, முந்நூத்தி மூணு. எல்லாம் மூணாம் நம்பர் வீடு சார். மாடிக்கு எட்டு வீடு, நாம தாவினதும் எட்டு எட்டா."

பெண்களுக்கு அது முதல் நாளே தெரிந்திருந்தது. தெரிந்து மிகவும் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். லிஃப்டை விட்டு இறங்கினால் ஒவ்வொரு மாடியிலும் அதே இடதுபக்கக் கதவு, தேடவே வேண்டாம். சார் வேண்டுமென்றேதான் மூன்றாம் எண் வீடாகக் கொடுத்திருக்கிறார், எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்களாம். நான் அந்தக் குடியிருப்புக்குள் மொத்தமே ஒரு முறைதான் போயிருந்தேன், அதுவும் கிளப் ஹவுஸ் வரைக்கும்.

ஆட்டோ பிடித்து ஓடினேன். ஒன்பதாவது மாடியில் நின்றுகொண்டிருந்தார். முதலில் மூன்றாம் எண் வீட்டுக்குள் கூட்டிப் போனார். வடகிழக்கு மூலை, வாஸ்து பார்த்து எல்லாரும் அடித்துப்பிடித்து முதலில் வாங்குகிற வீடு. இரண்டு பக்கமும் ஜன்னல், சிலுசிலுவென்று காற்று. ஏப்ரல் மாதம், மதியம் மூன்றரை மணி, அந்த வீட்டம்மா மின்விசிறியைக்கூடப் போடவில்லை. பிறகு அதே மாடியில் மேற்குப் பக்கம் இருக்கும் ஏழாம் எண் வீட்டுக்கு நடந்தோம். கதவுக்கு வெளியே, நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒரு பெண் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பூர்ப் பெண், ஐடி வேலை.

"ஏம்மா வெளிய உக்காந்திருக்க?"

"மூணு மணிக்கு மேல உள்ள உக்கார முடியறதில்லீங்க. ஏசி போட்டாலும் சுவரு கொதிக்குதுங்க. இங்கதான் கொஞ்சம் பரவால்ல."

"எங்க ஆளுங்க யாராவது வந்து உன்கிட்டக் கேட்டாங்களா?"

"இல்லீங்க. எதிர் வீட்டுக்கு வந்தாங்க. வந்து கேட்டா சொல்லலாம்னு நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, பயம். லிஃப்ட் பக்கம் அவரை ஒதுக்கிக் கூட்டிப் போனேன். கூட்டத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பாடப்புத்தக முறைதானே, யாரும் குற்றம் சொல்ல முடியாது, அறிக்கையில் கதவு எண்ணும் இல்லை. "யாருக்கும் தெரியாது மேடம்" என்று என் வாயாலேயே சொன்னேன். 

அவர் நாற்காலியில் இருந்த பெண்ணைக் காட்டினார். "அதுக்குத் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னார். நான் கொஞ்ச நேரம் லிஃப்ட் மேலே போவதையும் கீழே வருவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை, பல வருடங்களாகத் தாளில் மட்டுமே பார்த்த வேலையை அன்றைக்குத்தான் வெயிலில் நின்று பார்த்தேன், அந்தக் கிளர்ச்சியாக இருக்கலாம். "மறுபடி எடுப்போமா?" என்றேன்.

"ஹவ்" என்றார்.

மறுநாள் காலை எங்கள் அலுவலகத்தில் நடந்ததை ஹவுஸி ஆட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோபுரத்திலும் ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனியாக ஒரு வீடு. அதற்கு ஒவ்வொரு முறையும் எட்டு வில்லையையும் பையில் போட்டு, குலுக்கி, எடுத்து, திரும்பப் போட்டு, மறுபடி குலுக்க வேண்டும். நூற்றைம்பது தடவை. அவர் கண்ணை மூடிக்கொண்டு குலுக்குவார். டீ அம்மா கையை விடுவார். கணினிக்காரர் எழுதுவார். எண் வந்ததும் அவர் இன்ஸ்டிட்யூட்டில் கூப்பிடுகிற ராகத்தில் இழுத்துக் கூப்பிடுவார், பெண்கள் கூடவே கத்துவார்கள். ஏழு வந்தால் கைதட்டல், மூன்று வந்தால் கூச்சல். கீழே டிபன் சென்டர்காரர் என்ன விசேஷம் என்று ஏறி வந்து பார்த்துவிட்டு, ஒரு மாடிக்கு அவரே கையை விட்டு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். வேலை போகப்போகிறதே என்ற கவலையில் இருக்க வேண்டிய நாள். எங்கள் அலுவலகத்தில் அவ்வளவு சந்தோஷமான ஒரு காலையை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அன்று மதியமே தொடங்கி எட்டு நாளும் எட்டு பேரும் ஓடினோம். நானும் ஏறினேன், டீ அம்மாவும் ஏறினார். எல்லா வீடுகளிலும் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துக்குள் சூடு பார்க்க வேண்டும் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒருவர் குளித்துக்கொண்டிருந்தார், காத்திருந்தோம். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார், காத்திருக்கவில்லை. தினமும் சாயங்காலம் சுவரில் ஒட்டியிருந்த தாளில் கட்டங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தோம். நூற்றிருபது, நூற்று நாற்பது, நூற்று நாற்பத்தொன்பது.

நூற்றைம்பதாவது அவர் பங்கில் இருந்த ஒரு வீடு. நாலு முறையும் போய் வந்துவிட்டார்.

"திறக்கல" என்றார்.

"பக்கத்து வீட்டுல கேட்டிருக்கலாமே" என்று தப்பித் தவறிச் சொல்லிவிட்டு நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கிழிப்பதற்கு என் கையில் தாள் எதுவும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

"நூத்தி அம்பதுல ஒண்ணு திறக்கலன்னு முதல் பக்கத்துலயே எழுதுங்க சார்."

எழுதினேன். முடிவுகள் என்ன என்று கேட்பீர்கள். மூன்றாம் எண் வீடுகளைப் பற்றி முதலில் சொன்னது எல்லாம் உண்மைதான். மேற்குப் பக்க வீடுகளில் மதியம் மூன்றுக்கு மேல் அந்தச் சான்றிதழ் வாசல் பலகையோடு நின்றுவிட்டது. மொத்தத்தில் பாலாநகர் குடியிருப்பைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவே.

கூட்டத்தில் மேலாளர் முகம் முதல் பக்கத்திலேயே மாறிவிட்டது. பத்து நாள் முன்பு வேறு சொன்னீர்களே என்றார். என் முறை தவறு, அதைத் திருத்தினோம் என்றேன். அவருக்குக் கோபம் ஏறியது. பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "இப்பவும் முழுசா முடிக்கலையே. ஒரு வீடு ஏன் விட்டுப்போச்சு? ஒரு கதவைத் திறக்க வைக்க முடியாதவங்க அறிக்கையை நான் எப்படி நம்பறது?" தெலுங்கில் கேட்டார், நான் தமிழில் எழுதுகிறேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அந்த வீடு அவர் போய் வந்தது, அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் மேலாளரை நேராகப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது.

"ஹவ் சார். ஒரு வீடு திறக்கல. நாலு தடவ போனேன். அதையும் எழுதியிருக்கோம்" என்றார். மேற்கொண்டு ஒரு வார்த்தை இல்லை.

மேலாளர் சட்டென்று அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டார். அந்த இடைவெளியில் நான் புகுந்தேன். அன்று நான் பேசியது இருக்கிறதே, என் வாழ்நாளிலேயே அப்படிப் பேசியதில்லை. அடுத்து கட்டப்போகும் கோபுரங்களில் மேற்குச் சுவருக்கு என்ன செய்யலாம், பொய்யான ஒரு நல்ல பெயரைவிட உண்மையான ஒரு குறை எப்படிப் பயன்படும் என்று இருபது நிமிடம் பொழிந்தேன். முடித்தபோது மேலாளர் பேனாவை எடுத்தார். பத்து குடியிருப்புகள், இரண்டு வருடம். கீழே வந்து ஆட்டோ ஏறும்வரை என் கால் தரையில் படவில்லை. ஸ்கூட்டர்ப் பெண் அழுதே விட்டாள். அந்தப் பேச்சை நான் பிறகு எத்தனை கருத்தரங்குகளில், எத்தனை கல்யாணப் பந்திகளில் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. கேட்கும்போதெல்லாம் அவர், "ஹவ் சார், ஜோராப் பேசினீங்க" என்பார்.

இரண்டு வருட வேலை முடிந்த சமயத்தில் ரயில்வேயில் இருந்த அவர் கணவருக்குக் குண்டக்கல்லுக்கு மாற்றல் வந்தது. துணிப்பையோடு போய்விட்டார். இது நடந்து சில வருடம் ஆகிறது.

போன மாதம் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். டீ அம்மாவைக் கேட்டேன், நாலு பெண்களையும் கேட்டேன், கணினிக்காரரைக் கேட்டேன். எல்லாரும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள், எல்லாம் பிரியமான கதை. பாதி எழுதியபோது என் காதில் அந்தக் குரல் கேட்டது. யார் சார் இல்ல?

அவரைப் பிடிக்காதவர் ஒருவரையும் நான் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். அன்று எங்கள் மேல் கோபப்பட்ட மேலாளர் ஞாபகம் வந்தது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"திறக்காத வீடு யாருடையதுன்னு அவங்க உங்ககிட்ட சொல்லவே இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை. சொல்லக் கூடாதுங்கறது எங்க விதி."

"என் வீடு" என்றார்.

ஆறாவது கோபுரம், பதினோராவது மாடி, மேற்குப் பக்கம். கம்பெனி கொடுத்த வீடு. மூன்று ஏசியும் ஓடிக்கொண்டே இருக்குமாம், மின்சார ரசீதை மனைவியிடம்கூடக் காட்ட மாட்டாராம். மூன்றாவது தடவை அவரேதான் கதவைத் திறந்திருக்கிறார். வாசலில் மேடத்தைப் பார்த்ததும் மீட்டிங் இருக்கிறது என்று சாத்திவிட்டார். நாலாவது தடவை உள்ளே இருந்துகொண்டே திறக்கவில்லை.

"அன்னிக்குக் கூட்டத்துல அவங்களைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிஞ்சுபோச்சு. கோபத்துல அந்தக் கேள்வியை நானே கேட்டுட்டேன். கேட்ட பிறகுதான் உறைச்சது. எங்க எம்.டி. பக்கத்துல உட்கார்ந்திருக்கார். 'உங்க வீடுதான் சார்'னு ஒரு வார்த்தை போதும், என் வேலை போயிருக்கும். அவங்க வாயைத் திறக்கலை. அப்போ முடிவு பண்ணினேன், இவங்க எழுதினா நம்பலாம்னு."

நான் மெல்லக் கேட்டேன். "என் பேச்சு..."

"நீங்க பேசினீங்களா?" என்றார். உண்மையிலேயே அவருக்கு ஞாபகம் இல்லை.

போனை வைத்துவிட்டு அறையில் தனியாகச் சிரித்தேன். வெட்கமாகவும் இருந்தது, அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது. எட்டு பேர் பிழைப்பும் தொங்கிக்கொண்டிருந்தபோது, கையில் இருந்த ஒரே துருப்பை அவர் எடுக்கவில்லை. எடுக்காததால்தான் ஜெயித்தோம். இத்தனை வருடம் என் பேச்சுப் புராணத்தையும் பொறுமையாகக் கேட்டு ஜோர் என்று சொல்லியிருக்கிறார்.

உடனே குண்டக்கல்லுக்கு அழைத்தேன். மேலாளர் யார் வீடென்று சொல்லிவிட்டதைச் சொன்னேன். "ஹவ்" என்றார், ஏதோ நேற்று நடந்ததைப் போல. "இப்போ கேட்டா எல்லாம் சொல்றேங்கறார் மேடம். ரசீதுகூட வெச்சிருக்காராம். அந்த ஒரு கட்டத்தையும் அடிச்சிடலாமா?"

"நக்கோ சார். அந்த வருஷத்து வெயில இந்த வருஷம் எழுதக் கூடாது. திறக்கலன்னா திறக்கலதான்."

அப்புறம் நான் அவரைப் பற்றி எழுதுவதைச் சொன்னேன். யார் யாரைக் கேட்டேன் என்று பட்டியல் கேட்டார். சொன்னேன். பிடிக்காதவர் வரைக்கும் தேடிப் போய்க் கேட்டுவிட்டேன் என்று கொஞ்சம் மிதப்பாகவே சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.

"என்னக் கேட்டீங்களா சார்?"

அவரைத்தான் கேட்கவே இல்லை. அப்போதே கேட்டேன். அடுப்பில் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார். மறுநாள் மதியம் அழைத்தேன், எடுக்கவில்லை. நேற்று சாயங்காலம் அழைத்தேன், கணவர் எடுத்து, இன்ஸ்டிட்யூட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார். ஆக மூன்று முறை ஆகிவிட்டது. நாளை ஞாயிற்றுக்கிழமை. குண்டக்கல் வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். நாலாவது தடவையை நேரில் போய்த் தட்டுகிறேன், திறக்கவில்லை என்றால் திறக்கவில்லை என்று எழுதுகிறேன்.